மூன்று படகுகள், பதின்மூன்று பேர்

1

அறுபதாம் வருஷம் ஜூன் மாதம் நாங்கள் கனடாவுக்கு வந்து இறங்கினோம். இது அறுபத்தாறு. ஆறு வருஷம் ஆகிவிட்டது என்பது எனக்கு நினைவில்லை. என் வீட்டுக்காரர்தான் ஒரு நாள் ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக, தொப்பியைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் வந்து நின்று அதைச் சொன்னார். இந்த ஊரில் எதற்கெடுத்தாலும் வருஷம் நிறைந்ததைக் கொண்டாடுவார்கள். ஆபீஸில் யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள்.

"ஆறு வருஷம் ஆச்சு சரோஜா. நீயும் எவ்வளவோ கஷ்டப்பட்டிருக்க. உனக்கு என்ன வேணும், சொல்லு."

நான் புதுக் கோட்டு கேட்பேன், இல்லாவிட்டால் துணி துவைக்கும் மெஷின் கேட்பேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் கேட்டது வேறு.

"ஒரு தடவை போட்ல போகணுங்க."

அவர் சிரித்துவிட்டார். "அவ்வளவுதானா?"

அவ்வளவுதான் என்றுதான் நானும் நினைத்தேன். அதற்குப் பிறகு ஏழு வாரம் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே, அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். இங்கே சொல்லி அழ ஆள் கிடையாது. ஏன் கிடையாது என்பது போகப் போகத் தெரியும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் ஊரிலிருந்து காரில் மூன்று மணி நேரம் போனால் ஒரு பெரிய ஏரி. ஏரி என்று சொல்லிவிட்டேனே தவிர, கரையில் நின்று பார்த்தால் எதிர்க்கரை தெரியாது. அதை ஒட்டிக் காடும் சின்னச் சின்ன மலைகளுமாக அரசாங்கம் ஒரு பூங்கா வைத்திருக்கிறது. சனி ஞாயிறு வந்தால் ஜனங்கள் அங்கே போய்ப் படகு விடுவார்கள், மலை ஏறுவார்கள். மலை மேலே கோயில் கிடையாது, சந்தை கிடையாது, சொந்தக்காரர் வீடு கிடையாது. சும்மா ஏறி, சும்மா நின்று பார்த்துவிட்டு, சும்மா இறங்கி வருவார்கள். மலைக்கோட்டைப் பிள்ளையாரைப் பார்க்கவே மூச்சு வாங்கிக்கொண்டு படியில் நாலு தடவை உட்கார்ந்த குடும்பத்தில் வந்தவள் நான். முதலில் கேட்டபோது இவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று நினைத்தேன். பிறகு நாளாக நாளாக எனக்கும் ஆசை வந்துவிட்டது.

2

காட்டூரில் பிறந்து காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவளுக்குப் படகு என்ன பெரிய அதிசயம் என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள், பதில் வைத்திருக்கிறேன்.

எனக்குக் கல்யாணம் ஆன முதல் வருஷம், ஆடிப் பதினெட்டுக்கு முக்கொம்புக்குப் போனோம். என் வீட்டுக்காரரின் ஊர் உப்பிலியபுரம். அங்கிருந்து ஒரு லாரியில் என் மாமியார், மாமனார், கொழுந்தனார்கள், நாத்தனார்கள், அவர்கள் பிள்ளைகள் என்று இருபத்திரண்டு பேர் வந்தார்கள். நாங்கள் அப்போது திருச்சி டவுனில் குடியிருந்ததால் சமையல் எங்கள் வீட்டில். விடியற்காலை எழுந்து புளிச்சாதம், எலுமிச்சம்பழச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச்சாதம் எல்லாம் கிளறி, அண்டாவிலும் தூக்கிலும் அடைத்து எடுத்துக்கொண்டோம். முக்கொம்பில் புதுத்தண்ணீர் கரை புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. பரிசல்காரர்கள் ஆட்களைக் கூவிக் கூவி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

முக்கொம்புக் குரங்குகளை நான் உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மூடியைத் திறந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி மூடி வைத்துவிட்டுப் போகாதது ஒன்றுதான் பாக்கி. என் மாமியார் மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சரோஜா, நீ இங்கயே இரும்மா. சாமானப் பாத்துக்க. நாங்க ஒரு சுத்து போயிட்டு வந்துடறோம்."

புது மருமகள். "சரிங்க அத்தை" என்றேன். வேறென்ன சொல்வேன்? அவர்கள் சுற்றிவிட்டு வந்தார்கள். வந்ததும் பசி. பரிமாறினேன். சாப்பிட்டதும் தூக்கம். எழுந்ததும் லாரிக்காரர் ஹாரன் அடித்துவிட்டார். நான் அன்று பார்த்த காவிரி, இருபத்திரண்டு பேரின் முதுகுக்கு அப்பால் தெரிந்த காவிரி.

இரண்டாம் வருஷமும் அப்படியே. மூன்றாம் வருஷம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நானே போய்ச் சாமானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். முதல் இரண்டு வருஷத்தைப் பற்றி எனக்குக் கோபமில்லை. அந்த மூன்றாம் வருஷத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பச்சைமலையும் அதே கதைதான். உப்பிலியபுரத்திலிருந்து பார்த்தால் மலை கையெட்டும் தூரத்தில் நிற்கும். மேலே ஊர்கள் இருக்கின்றன, மரவள்ளிக்கிழங்கு விளைகிறது, குளுகுளுவென்று இருக்கும் என்று என் வீட்டுக்காரர் அளந்துகொண்டே இருப்பார். ஒரு தைமாசம் எல்லோரும் நடந்தே ஏறுவது என்று கிளம்பினோம். அப்போது என் மகள் மல்லிகா வயிற்றில். மாசமாக இருப்பவளை மலை ஏற்றக்கூடாது என்றார்கள், நியாயம்தான். ஆனால் அடிவாரத்தில் புளிய மரத்தடியில் அண்டா குண்டாவோடு உட்கார வைத்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் வந்து மேலே அடித்த காற்றைப் பற்றிப் பேசினார்கள். நான் சாதம் போட்டேன்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. என் மாமியார் தங்கமான மனுஷி. யாராவது ஒருத்தர் உட்கார வேண்டும், அந்த ஒருத்தர் நான், அவ்வளவுதான். கடல் தாண்டி வந்தாயிற்று, இங்கே நாங்கள் நாலே பேர், இனிமேல் அந்தத் தொல்லை இல்லை என்று நம்பித்தான் போட்டு கேட்டேன்.

3

நாலு பேர் பதின்மூன்று பேரானது எப்படி என்று இப்போது சொல்கிறேன்.

திருச்சியில் நீங்கள் ஒரு வீட்டு வாசலில் நின்று, "நாளைக்குச் சமயபுரம் போறோம், நீங்களும் வாங்களேன்" என்று சொன்னால், அந்த வீட்டுக்காரர் என்ன சொல்வார்? "அதுக்கென்ன, பாப்போம்" என்பார். வரமாட்டார். அவர் வரமாட்டார் என்று உங்களுக்கும் தெரியும், கூப்பிடாமல் போனால்தான் தப்பு என்று அவருக்கும் தெரியும். இரண்டு பேருக்கும் மரியாதை. இதை நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, பேசப் பழகும்போதே சேர்ந்து வந்துவிடுகிறது.

பக்கத்து வீட்டு மார்கரெட் வேலிக்கு அந்தப் பக்கம் புல் வெட்டிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் இந்தப் பக்கம் நின்று, ஏரிக்குப் போகப்போகிறோம் என்று சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு வாய் சும்மா இராமல், "நீங்களும் குடும்பத்தோடு வாருங்களேன்" என்று இங்கிலீஷில் ஒன்று சேர்த்துவிட்டார். மார்கரெட் மெஷினை நிறுத்தினாள். "எந்தத் தேதி?" என்று கேட்டாள். உள்ளே போய் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்து, அதில் எழுதிக்கொண்டாள். மார்கரெட், அவள் கணவர், இரண்டு பிள்ளைகள். ஆக எட்டு.

"வருவாங்கன்னு நான் கண்டேனா?" என்றார் என்னிடம்.

"இந்த ஊர்க்காரங்க வாங்கன்னு சொன்னா வருவாங்கன்னு ஆறு வருஷத்துல உங்களுக்குத் தெரியாதா?"

"வேலிகிட்ட நிக்கறாங்க, சொல்லாம எப்படி வரது? நல்லாவா இருக்கும்?"

அடுத்த வாரம் ஆபீஸில் மேலதிகாரி, இந்தக் கோடையில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். இவர் சொன்னார். அந்த வாய் மறுபடியும் சும்மா இருக்கவில்லை. மேலதிகாரி தன் மனைவிக்கு அங்கேயே போன் போட்டுக் கேட்டு, இருவரும் வருவதாகச் சொல்லிவிட்டார். பத்து.

இது போதாதென்று, எண்பது மைல் தள்ளி இன்னொரு ஊரில் ஒரு டாக்டர் குடும்பம் இருக்கிறது. ஸ்ரீரங்கத்துக்காரர்கள். டாக்டரின் மனைவி ரங்கநாயகி மாதம் ஒரு முறை எனக்குப் போன் செய்வாள். தமிழ் பேச இங்கே எனக்கு அவளும் அவளுக்கு நானும்தான். அவளிடம் மறைத்து, பிறகு தெரிந்தால், வாழ்நாள் முழுக்க அது ஒரு குறையாக நிற்கும். அதனால் அவளைக் கூப்பிட்டது நானேதான். என் மேலும் தப்பு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அவள், டாக்டர், ஒரு பையன். பதின்மூன்று.

"நாங்க பேஷா வரோம். தளிகை மட்டும் வெங்காயம் பூண்டு படாம தனியா பண்ணிடுவேளா? சிரமம்னா நானே எடுத்துண்டு வந்துடறேன்."

"ஒரு சிரமமும் இல்லைங்க. நீங்க சும்மா வந்தாப் போதும்."

மார்கரெட்டும் வேலி வழியாகக் கேட்டாள், நான் என்ன கொண்டுவரட்டும் என்று. "ஒன்றும் வேண்டாம், சும்மா வாருங்கள்" என்றேன். மேலதிகாரியின் மனைவியும் கேட்டாள். அவளுக்கும் அதே பதில்தான். நம் ஊரில் ஒன்றும் வேண்டாம் என்றால், ஒரு சீப்பு வாழைப்பழமாவது இல்லாமல் படியேற மாட்டார்கள். இவர்கள் சரி, நன்றி என்று சொல்லிவிட்டு அந்தக் கவலையை அன்றோடு விட்டுவிட்டார்கள்.

4

பூங்காவுக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கு ஒரு பாரம் நிரப்பித் தபாலில் அனுப்ப வேண்டும். நம் ஊர்த் தாலுகா ஆபீஸைப் பற்றி இனிமேல் யாரும் என்னிடம் குறை சொல்லக்கூடாது. அங்கேயாவது எதிரே ஒரு குமாஸ்தா முகம் தெரியும், இரண்டு வார்த்தை சண்டை போடலாம். இங்கே தபால்பெட்டியோடு எப்படிச் சண்டை போடுவது?

முதல் பாரம் திரும்பி வந்தது. வளர்ப்பு மிருகங்கள் என்ற இடத்தை நாங்கள் காலியாக விட்டுவிட்டோமாம். இல்லை என்றால் இல்லை என்று எழுத வேண்டுமாம். எழுதி அனுப்பினோம்.

இரண்டாவது பாரமும் திரும்பி வந்தது. படகும் மலையும் ஆபத்தான விஷயம் அல்லவா? அதனால், உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், உங்களோடு பயணம் வராத ஒருவரின் பெயரும் டெலிபோன் எண்ணும் தருக என்று ஒரு கேள்வி. என் வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை. தன் அண்ணன் பெயரை எழுதி, உப்பிலியபுரம், திருச்சி ஜில்லா என்று போட்டிருந்தார். டெலிபோன் எண் என்ற இடத்தில், தபால் ஆபீஸில் போன் இருக்கிறது, ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள் என்று விளக்கமாக வேறு எழுதியிருந்தார். அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. இந்த நாட்டுக்குள் இருக்கும் நபராக வேண்டும்.

இந்த நாட்டுக்குள் யார் இருக்கிறார்கள்?

"மார்கரெட்டைப் போடுங்க."

"அவங்க நம்மகூட வராங்களே."

"உங்க ஆபீசர்?"

"அவரும் வராரே."

"டாக்டர்?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆறு வருஷத்தில் இந்த தேசத்தில் எங்களுக்குத் தெரிந்த அத்தனை பேரையும் படகில் ஏற்றிவிட்டிருந்தோம். நாங்கள் மூழ்கிப்போனால் "ஐயோ" என்று சொல்லக் கரையில் ஒரு ஆள் கிடையாது. உப்பிலியபுரத்தில் எங்கள் வீட்டு மாடு தொலைந்தால்கூடத் தகவல் சொல்ல முப்பது வீடு இருந்தது.

கடைசியில் மல்லிகாவின் பள்ளிக்கூட டீச்சரிடம் அனுமதி கேட்டு அவர் பெயரை எழுதினோம். உறவு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அதற்கு ஒரு அரை மணி நேரம் ஆயிற்று.

5

மூன்றாவது தடவை சீட்டு வந்தது. கூடவே ஒரு சிறு புத்தகம், நிறைய விதிகள்.

ஒரு குழுவுக்கு மூன்று படகுதான். ஒரு படகில் நாலு பேர்தான். காலை பத்து மணிக்கு எடுத்தால் பன்னிரண்டுக்குத் திருப்பித் தர வேண்டும். அடுத்த குழு காத்திருக்கும், இரண்டாம் சுற்று கிடையாது. இன்னொரு விதி: காட்டில் கரடி உண்டு. சாப்பாட்டை ஆளில்லாமல் வைக்கக்கூடாது, பெரியவர் ஒருவர் எப்போதும் அதன் பக்கத்தில் இருக்க வேண்டும். காரில் வைத்துப் பூட்டலாமே என்றால், கார் நிறுத்தும் இடம் கரையிலிருந்து அரை மைல்.

நான் அதைப் படிக்கவில்லை. எனக்கு நேரம் எங்கே? பதின்மூன்று பேருக்கு இரண்டு வகைச் சமையல், காரம் ஆகாதவர்களுக்கு மூன்றாவது வகை. தேங்காய் தேடி ஒரு நாள், புளி தீர்ந்துபோய் ரங்கநாயகியிடம் தபாலில் வரவழைத்தது ஒரு நாள். புத்தகத்தைப் படித்தவள் மல்லிகா.

மல்லிகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினொரு வயது. வரும்போது ஐந்து வயது, வாய் ஓயாமல் தமிழ் பேசிக்கொண்டு வந்தவள். இப்போது "அம்மா, நான் பசி" என்கிறாள். பாவாடை கட்டமாட்டாள், தலையில் எண்ணெய் வைத்தால் அழுகிறாள், இட்லியை ஜாமில் தொட்டுச் சாப்பிடுகிறாள். அவள் தம்பி குமாருக்கு ஏழு வயது, அவன் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வதோடு சரி. இவர்களிடம் நம்முடையது என்று ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று நான் துழாவித் துழாவிப் பார்க்கிறேன். கையில் ஒன்றும் அகப்படுவதில்லை.

ஆனால் திட்டம் போடுவதில் கெட்டிக்காரி. அதைப் பள்ளிக்கூடத்தில் பாடமாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள். பதின்மூன்று பேர், பன்னிரண்டு இடம் என்று அவள் படித்துச் சொன்னதைக் கேட்டு நான் ராத்திரி பகலாகப் புலம்பியபோது, "அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்று என் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மல்லிகா ஒரு பெரிய காகிதத்தை மேஜையில் விரித்தாள். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டாள். மூன்று படகு, ஒவ்வொன்றிலும் நாலு பெயர், கலர் பென்சிலில். கீழே பிற்பகல் மலையேற்றம், யார் முன்னால், யார் பின்னால், யார் கையில் மேப். அழகாகத்தான் இருந்தது. பெருமையாக அதைச் சுவரில் குத்தி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

நான் மாவுக் கையோடு வந்து பார்த்தேன். முதல் படகில் அப்பா இருந்தார். மல்லிகா இருந்தாள். மேலதிகாரி, அவர் மனைவி. இரண்டாவது படகில் மார்கரெட்டின் வீடு. மூன்றாவதில் ரங்கநாயகி, டாக்டர், அவர்கள் பையன், குமார். மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். ஓரத்தில் தனியாக ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் ஒரு கூடைப் படம் வரைந்து, பக்கத்தில் அம்மா என்று எழுதியிருந்தது. பிற்பகல் மலையேற்றத்திலும் அதே கூடை, அதே அம்மா.

"இது என்னடி?"

"அது சாப்பாடு. ஒரு பெரியவங்க இருக்கணும். ரூல்."

"அது சரி. நான்தான் இருக்கணும்னு யாரு சொன்னா? அப்பா சொன்னாரா?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரியும்." அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "நீ எப்பவும் அப்படித்தானே இருப்ப, அம்மா?"

அவள் முக்கொம்பைப் பார்த்த ஞாபகம்கூட இல்லாதவள். பச்சைமலை என்றால் எங்கே என்று கேட்பாள். பேச்சை விட்டாள், துணியை விட்டாள், சாப்பாட்டை விட்டாள். இந்த ஒன்றை மட்டும் யாரும் சொல்லித்தராமலே பத்திரமாகப் பிடித்து வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடப் பிக்னிக்கிலும் தெருப் பூங்காவிலும் ஆறு வருஷமாகக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து இதை அவளுக்கு ஊட்டியது வேறு யாருமில்லை, நான்தான். இங்கே எந்த மாமியாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. எனக்கு என் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

மேஜையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தேன். முதல் படகில் அப்பா என்பதை அடித்துவிட்டு அம்மா என்று எழுதினேன். கூடைக் கட்டத்தில் அம்மாவை அடித்துவிட்டு அப்பா என்று எழுதினேன். கை மாவு காகிதம் முழுக்க ஒட்டிக்கொண்டது. ஆபீசரோடு உட்கார்ந்து எனக்கு என்ன பேச்சு? ரங்கநாயகியை முதல் படகுக்கு இழுத்தேன், குமாரையும் இழுத்தேன். ஆபீசரும் அவர் மனைவியும் டாக்டரோடு போகட்டும்.

மல்லிகாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா! அப்பாவுக்கு சாப்பாடு பத்தி ஒண்ணும் தெரியாது!"

"தெரிஞ்சுக்கட்டும்."

6

என் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து சுவரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏன் சரோஜா, ஆபீசர் வராரு. அவரு போட்ல போறப்ப நான் கரையில சட்டி பானையோட உக்காந்திருந்தா என்ன நினைப்பாரு?"

"நான் உக்காந்திருந்தா என்ன நினைப்பாருன்னு யோசிச்சீங்களா?"

"உன்ன ஒண்ணும் நினைக்க மாட்டாரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பேச்சை மாற்றினார். "மார்கரெட்ட வேணா இருக்கச் சொல்லலாமா?"

"விருந்தாளியக் கூப்பிட்டு காவலுக்கு வைப்பீங்களா? கூப்பிட்டது யாரு?"

"ஆடு மாதிரி தலையாட்டிட்டு எல்லாரும் வருவாங்கன்னு நான் நினைக்கலயே."

"இங்க பாருங்க. ஆறு வருஷத்துக்கு என்ன வேணும்னு நீங்கதான் கேட்டீங்க. போட்டுல போகணும்னு சொன்னேன். போட்டப் பாக்கணும்னு சொல்லல. பாத்ததெல்லாம் போதும்."

என் குரல் உடைந்துவிட்டது. கோபமாக இருக்கும்போது அழுகை வந்து கெடுத்துவிடுகிறது, என்ன செய்வது? அவர், "முக்கொம்புல நீ ஏறவே இல்லயா?" என்று கேட்டார். நிஜமாகவே அவருக்குத் தெரியாது. அத்தனை வருஷமும் அவர் பரிசலில் முன்னால் உட்கார்ந்திருந்தார், பின்னால் திரும்பிப் பார்க்க அவருக்கு அவசியம் இருக்கவில்லை. பச்சைமலையின் உச்சிக் காற்றை எனக்கு வருஷக்கணக்கில் வர்ணித்தவர் இவர். அடுத்த நாள் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, "தயிர்ச்சாதத்துக்கு எந்தக் கரண்டி?" என்று கேட்டார். அதுதான் அவருடைய சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

7

அந்தச் சனிக்கிழமை மழை இல்லை. அது ஒன்றுதான் ஒழுங்காக நடந்தது.

மார்கரெட் வீட்டார் கேமராவோடு வந்தார்கள். மேலதிகாரி கைத்தடியோடு வந்தார், அவர் மனைவி கறுப்புக் கண்ணாடியோடு வந்தாள். தின்பதற்கு ஒரு பிஸ்கட் யார் கையிலும் இல்லை. சும்மா வாருங்கள் என்றேன், சும்மா வந்தார்கள். ரங்கநாயகி மட்டும், சும்மா வரச் சொல்லியும், புளியோதரை, ததியன்னம், அக்காரவடிசில் என்று ஐந்து டப்பாக்களை இறக்கினாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. ஆனால் இப்போது காவலுக்கு இருக்க வேண்டிய சாமான் இரண்டு பங்கு.

படகுத் துறையில் ஒரு ஆள் எங்கள் சேலைகளைப் பார்த்துவிட்டு ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டைகளைக் கொடுத்தான். பட்டன் போட முடியவில்லை. கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இந்தக் கோலத்தில் என்னைக் காட்டூரில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே காலை வைத்தேன். படகு ஆடியது. "ரங்கா, ரங்கா" என்று ரங்கநாயகி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். குமார் கைகொட்டிச் சிரித்தான். கரையில் என் வீட்டுக்காரர் மடக்கு நாற்காலியில், டப்பாக்களுக்கு நடுவே, பரீட்சைக்கு உட்கார்ந்தவர் போல் உட்கார்ந்திருந்தார்.

மல்லிகா துடுப்புப் போட்டாள். பள்ளிக்கூடத்தில் பழகியிருக்கிறாள். "அம்மா, நடுவுல உக்காரு. எழுந்திருக்காத. பக்கத்துல சாயாத." அவ்வளவு அதட்டல். நான் சொன்னபடி உட்கார்ந்தேன். கரை விலக விலக, தண்ணீர் கறுத்துக்கொண்டே போயிற்று. கையை விட்டுப் பார்த்தேன். பனிக்கட்டியை உருக்கி ஊற்றியது போலச் சில்லென்று இருந்தது.

"உங்களுக்குப் பயமா இல்லையா?" என்று ரங்கநாயகியைக் கேட்டேன்.

"பயம்தான். இதான் எனக்கு முதல் தடவை."

"ஸ்ரீரங்கத்துல பொறந்துட்டா?"

"ஸ்ரீரங்கத்துல பொறந்தா? ரெண்டு பக்கமும் ஆறுதான். ஸ்நானம் பண்ணுவோம், தீர்த்தம் எடுத்துண்டு வருவோம். தெப்பத்துல பெருமாள் போவார், பட்டர் போவார், மேளக்காரர் போவார். நாங்க கரையில நின்னு சேவிச்சுட்டு அகத்துக்கு வந்து தளிகை பண்ணுவோம்." அவள் மிதவைச் சட்டையைக் கழுத்திலிருந்து இழுத்து விட்டுக்கொண்டாள். "நீங்க என்னைக் கூப்பிட்டப்போ, நானும் கரையிலதான்னு நெனச்சிண்டேன். அதான் டப்பா எடுத்துண்டு வந்தேன்."

படகு மெல்ல ஆடிக்கொண்டே போயிற்று. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷத்துக்கு நடுவில் கோபமும் இருந்தது, இத்தனை சுலபமான காரியத்துக்கா இத்தனை வருஷம் என்று. காலைத் தூக்கி வைத்து உட்கார வேண்டியதுதான், வேறு ஒரு வித்தையும் இதில் இல்லை.

மல்லிகா துடுப்பைக் கொஞ்சம் நிறுத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. உனக்கு போட் பிடிக்காதுன்னு நினைச்சேன்."

"இந்தா, எனக்குச் சொல்லிக் கொடு" என்று ஒரு துடுப்பை வாங்கிக்கொண்டேன். நாங்கள் நேராகப் போகாமல் வட்டம் அடித்தோம். அவள் திட்டினாள். நான் மறுபடி போட்டேன்.

பதினொன்றரை இருக்கும். மேலதிகாரியின் மனைவிக்குத் தலைசுற்றல் வந்து, மற்ற இரண்டு படகும் முன்னதாகவே கரைக்குத் திரும்பிவிட்டன. இறங்கியவர்களுக்குப் பசி போலிருக்கிறது. எல்லோரும் டப்பாக்களைச் சுற்றி நிற்பது தெரிந்தது. நடுவில் என் வீட்டுக்காரர் ஒவ்வொரு மூடியாகத் திறந்து, முகர்ந்து, மூடிக்கொண்டிருந்தார். பிறகு தண்ணீர் ஓரம் வரை ஓடிவந்து இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டார்.

"சரோஜா! இதுல வெங்காயம் போடாதது எது? சரோஜா!"

தண்ணீர் மேல் குரல் நன்றாகவே வந்தது. ரங்கநாயகி உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள்.

"சரோஜா! ஏம்மா! தட்டு எங்க இருக்கு?"

குமார் கையை ஆட்டினான். மல்லிகா கரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், படகைத் திருப்புவதற்காகத் துடுப்பைத் தூக்கினாள்.

"அம்மா, அப்பா கூப்பிடறாரு."

"காதுல விழுது," என்றேன். "நீ நேராப் போடு."